சாட்சியம், கதை, சட்டம்: விக்டோரியா கால இங்கிலாந்தில் நடந்தது என்ன?

இங்கிலாந்தில் படிக்கும் எமது பிள்ளைகள் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியப் பாடத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். பல வீடுகளுக்கு வந்து சேர்வது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ என்ற சிறிய நூல். பெற்றோராகிய நாம் அதைப் பரீட்சைப் புத்தகமாக மட்டுமே பார்க்கிறோம். பிள்ளை ஏதாவது சந்தேகம் கேட்டால், ரியூசன் ஆசிரியரிடம் கேள் என்று சொல்லிவிடுகிறோம். வெள்ளைக்காரரின் பழைய பேய்க்கதைக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம் எம்மில் பலருக்கு இருக்கிறது.

ஆனால் அந்த நூல் எப்படிப் பிறந்தது என்று தேடிப் பார்த்தால், எமக்கு நன்கு பழக்கமான ஒன்றை அங்கே காணலாம். பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து சாட்சியம் சொன்னார்கள். அது அறிக்கையானது. அறிக்கையைச் சிலர் கதையாகவும் கவிதையாகவும் ஆக்கினார்கள். சட்டம் வந்தது, அது நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரை பிரித்தானியாவில் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். சாட்சியங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, உலகம் எப்போது கேட்கும் என்று காத்திருக்கும் எமக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

சுரங்கத்தின் இருட்டில் இருந்த பிள்ளைகள்

நீராவி இயந்திரமும் பஞ்சாலைகளும் பிரித்தானியாவை உலகின் செல்வந்த நாடாக்கிய காலம் அது. அந்தச் செல்வத்தின் அடியில் பிள்ளைகளின் உழைப்பு இருந்தது. 1833இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர்கள் வாரத்துக்கு 48 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்றது. நாடு முழுவதிலும் இதைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட பரிசோதகர்கள் நான்கு பேர் மட்டுமே. பிறப்புப் பதிவு முறையும் அப்போது இருக்கவில்லை. அது 1837இல்தான் தொடங்கியது. எனவே ஒரு பிள்ளையின் வயது என்ன என்பதையே நிரூபிப்பது கடினமாக இருந்தது.

அந்தச் சட்டம் சுரங்கங்களைத் தொடவில்லை. சுரங்கங்களிலும் வேறு தொழில்களிலும் பிள்ளைகளின் நிலையை ஆராய அஷ்லி பிரபுவின் முயற்சியால் ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் முதல் அறிக்கை 1842 மே மாதம் வெளிவந்தது. ஆணைக்குழுவினர் முதலாளிமாருடன் மட்டும் பேசிவிட்டுத் திரும்பவில்லை. பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் சொன்னதைப் பெயர், வயது, வேலை செய்யும் இடம் ஆகியவற்றுடன் எழுதி எடுத்தனர். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் கூட நிலத்துக்கடியில் தனியே இருட்டில் குந்தியிருந்து, நிலக்கரி வண்டி வரும்போது காற்றுக்கதவைத் திறந்து மூடினார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு விளக்கும் இருக்கவில்லை. சிறுமிகளும் பெண்களும் இடுப்பில் பட்டியும் கால்களுக்கிடையே சங்கிலியும் பூட்டி, தவழ்ந்தபடி நிலக்கரி வண்டியை இழுத்தார்கள்.

அரசாங்க அறிக்கைகள் நீல அட்டையுடன் வெளிவந்ததால் அவற்றை ‘நீலப் புத்தகங்கள்’ என்று அழைத்தனர். தடித்த, அலுப்பூட்டும் புத்தகங்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் இந்த அறிக்கையில் வரைபடங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. சங்கிலி பூட்டிய சிறுமியின் படத்தைப் பத்திரிகைகள் மூலம் நாடே பார்த்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குள் சட்டம் நிறைவேறியது. பெண்களும், பத்து வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைகளும் நிலத்துக்கடியில் வேலை செய்வது தடை செய்யப்பட்டது.

ஒரு சாட்சியம் இத்தனை விரைவாகப் பலன் தருவது அபூர்வம். பிற தொழில்களைப் பற்றிய இரண்டாவது அறிக்கை 1843இல் வந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த இடத்தில்தான் இலக்கியம் உள்ளே வருகிறது.

துண்டுப் பிரசுரம் கதையான விதம்

ஆணைக்குழுவில் இருந்த வைத்தியர் சவுத்வுட் சிமித், டிக்கன்ஸின் நண்பர். இரண்டாவது அறிக்கையை அவர் டிக்கன்ஸுக்கு அனுப்பி வைத்தார். படித்த டிக்கன்ஸ் கொதித்துப் போனார். ஏழைப் பிள்ளைகளுக்காக இங்கிலாந்து மக்களிடம் ஒரு வேண்டுகோளை மலிவான துண்டுப் பிரசுரமாக வெளியிடப் போவதாகச் சொன்னார். சில நாட்களில் மனத்தை மாற்றிக்கொண்டார். அதைவிடப் பல மடங்கு வலுவான அடி ஒன்றை ஆண்டு முடிவதற்குள் கொடுக்கப் போவதாக நண்பருக்கு எழுதினார்.

1843 செப்டெம்பரில் இலண்டனின் ஃபீல்ட் லேன் பகுதியில் இருந்த ‘கந்தல் பள்ளி’ ஒன்றுக்குப் போனார். வேறெந்தப் பள்ளியும் ஏற்காத, கந்தல் உடுத்த பிள்ளைகளுக்காகத் தொண்டர்கள் நடத்திய இலவசப் பள்ளி அது. ஒக்ரோபரில் மன்செஸ்டர் நகரில் உழைக்கும் மக்களின் கல்விக்காகப் பேசினார். டிசெம்பர் 19ஆம் திகதி ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ வெளிவந்தது. கிறிஸ்மஸ் பண்டிகைக்குள் 6,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன.

கதை எமது பிள்ளைகளுக்குத் தெரியும். ஸ்குரூச் என்ற கஞ்சனிடம் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்க இருவர் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் சிறைகளும் ‘வேர்க்ஹவுஸ்’களும் இருக்கின்றனவே என்று அவன் கேட்கிறான். பரீட்சைக்கு இந்த இடத்தை எல்லோரும் பாடமாக்குவார்கள். ஆனால் அது வெறும் கஞ்சனின் பேச்சல்ல, அன்றைய அரசாங்கத்தின் கொள்கை. 1834இல் வந்த புதிய ஏழைகள் சட்டப்படி, உடல் வலுவுள்ள ஏழைகளுக்கு உதவி வேண்டுமானால் வேர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் போகவேண்டும். உள்ளே கணவன் ஒரு பகுதியில், மனைவி வேறு பகுதியில், பிள்ளைகள் இன்னொரு பகுதியில். உள்ளே வர மக்கள் அஞ்ச வேண்டும் என்பதற்காகவே அது கடுமையாக வைக்கப்பட்டது. அகதி முகாம்களையும் தடுப்பு நிலையங்களையும் கண்ட எம்மவருக்கு, குடும்பத்தைப் பிரித்து வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளக்கத் தேவையில்லை.

கதையின் நடுவே ஒரு பேய் தன் அங்கியைத் திறந்து, காலடியில் ஒட்டியிருக்கும் இரண்டு பிள்ளைகளைக் காட்டுகிறது. ஆண்பிள்ளையின் பெயர் அறியாமை, பெண்பிள்ளையின் பெயர் வறுமை. நீலப் புத்தகத்தில் இருந்த பிள்ளைகளும் கந்தல் பள்ளியில் டிக்கன்ஸ் கண்ட பிள்ளைகளும் கதைக்குள் வந்த இடம் அதுதான்.

அதே ஆண்டு ஓகஸ்டில் இன்னொரு எழுத்தும் அதே ஊற்றிலிருந்து வந்தது. நோயினால் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைபட்டிருந்த கவிஞர் எலிசபெத் பரெட், ‘பிள்ளைகளின் அழுகுரல்’ என்ற கவிதையை ‘பிளக்வுட்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டார். சுரங்கத்தையோ தொழிற்சாலையையோ அவர் நேரில் கண்டவர் அல்லர். ஆணைக்குழுவுக்காக விசாரணை நடத்திய ரிச்சர்ட் ஹோர்ன் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அறிக்கையைப் படித்துத்தான் அவர் எழுதினார். பிள்ளைகள் சொன்னதை ஒருவர் எழுதி எடுத்து வைத்திருந்ததால் அறைக்குள் இருந்த இன்னொருவர் அதைக் கவிதையாக்க முடிந்தது.

யார் படித்தார்கள்?

ஒரு நாவல் அக்காலத்தில் பெரும்பாலும் மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலைக்கு விற்கப்பட்டது. ‘கரோல்’ கதையில் வரும் எழுதுவினைஞர் பொப் கிரட்சிற்றின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். அவர் இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒரு நாவலை வாங்க முடியாது.

டிக்கன்ஸ் 1836இல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலை மாதம் ஒரு பகுதியாக, பகுதிக்கு ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1850இல் அவர் தொடங்கிய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழின் விலை இரண்டு பென்ஸ். பத்திரிகைகள் மீதான முத்திரை வரி 1836இல் குறைக்கப்பட்டு 1855இல் நீக்கப்பட்டது. கடதாசி மீதான வரி 1861இல் போனது. அச்சு மலிவானது.

எழுத்தறிவும் பரவியது. 1841இல் இங்கிலாந்தில் மணமகன்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் மணமகள்களில் பாதிப் பேரும்தான் பதிவேட்டில் தமது பெயரைக் கையெழுத்திட்டனர். மற்றவர்கள் புள்ளடி இட்டனர். நூற்றாண்டு முடிவில் ஏறக்குறைய எல்லோருமே கையெழுத்திட்டனர். வாசிக்கத் தெரியாதவர்களையும் நாவல் சென்றடைந்தது. ஒருவர் உரக்க வாசிக்க, வீட்டிலும் வேலைத்தலத்திலும் பலர் சுற்றியிருந்து கேட்டார்கள். ஊரில் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, திண்ணையில் இருந்தவர்கள் கேட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பிரபு வீட்டிலும் தொழிலாளி வீட்டிலும் ஒரே மாதத்தில் ஒரே பிள்ளையின் துயரத்துக்கு அழுதார்கள்.

மன்செஸ்டரில் ஒரு தாய்

பஞ்சாலை நகரமான மன்செஸ்டரில் மதகுரு ஒருவரின் மனைவியாக வாழ்ந்தவர் எலிசபெத் காஸ்கெல். 1845இல் அவரது கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. துயரத்தில் மூழ்கிய அவரை எழுதச் சொன்னவர் கணவர். அப்படிப் பிறந்த ‘மேரி பார்ட்டன்’ நாவல் 1848இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பட்டினியில் பிள்ளையை இழந்த ஒரு தொழிலாளி, வாக்குரிமை கேட்டு பாராளுமன்றத்துக்கு மனுக் கொண்டு போகிறான். பாராளுமன்றம் கேட்க மறுக்கிறது. பிறகு அவன் கொலைகாரனாகிறான். சாசனவாதிகள் எனப்பட்ட இயக்கத்தினர் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கான கையெழுத்துகளுடன் கொடுத்த மனுக்கள் நிராகரிக்கப்பட்ட காலம் அது.

காஸ்கெல் அந்தக் கொலையை நியாயப்படுத்தவில்லை. ஒரு நல்ல மனிதன் அந்த இடத்துக்கு எப்படி வந்தான் என்று மட்டும் கேட்டார். அதற்கே ஆலை முதலாளிகள் அவர்மீது கோபம் கொண்டனர். ஒருபக்கச் சார்பு என்றனர். 1854இல் தொடங்கிய ‘நோர்த் அன்ட் சவுத்’ நாவலில் முதலாளியின் பக்கத்தையும் கூடுதலாக விளக்கினார்.

காஸ்கெலின் சொந்த வாழ்வே அன்றைய பெண்களின் நிலைக்குச் சான்று. திருமணமான பெண்ணின் உழைப்பும் சொத்தும் சட்டப்படி கணவனுடையவை. ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழின் முதல் கதைக்காக அவருக்குக் கிடைத்த 20 பவுணைக் கணவர் அமைதியாகத் தமது சட்டைப்பையில் வைத்துக்கொண்டதாக அவரே ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1848இல் ஆன் புரொண்டே எழுதிய ‘வைல்ட்ஃபெல் மாளிகைக் குடியிருப்பாளர்’ நாவலின் நாயகி, குடிகாரக் கணவனிடமிருந்து மகனுடன் தப்பியோடி, வேறு பெயரில் ஓவியம் விற்று வாழ்கிறாள். அன்றைய சட்டப்படி, அவள் சம்பாதித்த பணமும் மகனும் கணவனுக்கே உரியவை. வாசகர்கள் பலர் அதிர்ந்து போயினர்.

1856இல் திருமணமான பெண்களின் சொத்துரிமைக்காகப் பாராளுமன்றத்துக்குச் சென்ற மனுவில் காஸ்கெலும் எலிசபெத் பரெட் பிரௌனிங்கும் கையெழுத்திட்டனர். 1870இல் வந்த சட்டம் பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1882 சட்டம் அவளது எல்லாச் சொத்தையும் அவளுடையதாக்கியது. காஸ்கெல் 1865இலேயே இறந்துவிட்டார்.

சட்டம் வந்தும் புகைபோக்கிக்குள் பிள்ளைகள்

நாவல் வந்தது, சட்டம் வந்தது, துன்பம் தீர்ந்தது என்று இதை எளிமையாகச் சொல்லிவிட முடியாது. புகைபோக்கி துடைத்த சிறுவர்களின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வீடுகளின் ஒடுங்கிய புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டச் சிறு பிள்ளைகளை அனுப்பினார்கள். இவர்களைக் காக்க 1788இல் ஒரு சட்டம் வந்தது. 1834இல் இன்னொன்று. 21 வயதுக்குக் குறைந்த எவரும் ஏறக்கூடாது என்று 1840இல் மற்றொன்று. எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்காரருக்குச் சுத்தமான புகைபோக்கி வேண்டும். நீதவானின் வீட்டிலும் அதே பிள்ளைதான் ஏறினான். 1863இல் சார்ள்ஸ் கிங்ஸ்லியின் ‘நீர்க் குழந்தைகள்’ நூலாக வந்தது. அதன் நாயகன் டொம் புகைபோக்கி துடைக்கும் சிறுவன். அடுத்த ஆண்டே, 1864இல், நான்காவது சட்டம் வந்தது. அதுவும் சரிவர நடைமுறைக்கு வரவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்தான். அதன் பிறகுதான் புகைபோக்கி துடைப்போர் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் வந்து, அந்தக் கொடுமை ஓய்ந்தது. முதல் சட்டத்திலிருந்து 87 ஆண்டுகள்.

நாவல்களால் சட்டத்தை அமுல்படுத்த முடியவில்லை. அதற்குப் பரிசோதகர்களும் பொலிசாரும் தேவைப்பட்டனர். நாவல்கள் செய்தது வேறொன்று. புகைபோக்கிக்குள் ஏறுபவன் ஒரு பிள்ளை என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அவை சொன்னார்கள் என்றால் மிகையல்ல. கிங்ஸ்லி அந்தக் கதையைத் தன் சின்ன மகனுக்காகவே எழுதினார். தொழிலாளர் சங்கங்கள், பாராளுமன்றத்தில் வாதாடியவர்கள், பத்திரிகைகள் ஆகியோரின் உழைப்போடு சேர்ந்தபோதுதான் எழுத்துக்குப் பலன் கிடைத்தது.

இரக்கத்தின் எல்லை

இந்த எழுத்தாளர்களை எமது பிள்ளைகள் மதிக்கட்டும். அதேவேளை அவர்களின் இரக்கம் எங்கே நின்றுபோனது என்பதையும் அறிந்துகொள்ளட்டும். 1865இல் ஜமேக்காவின் மொரன்ட் பேயில் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆளுநர் எட்வர்ட் அயர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். 400இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் கசையடி பெற்றனர். ஆளுநர்மீது வழக்குத் தொடர வேண்டும் என்று ஜோன் ஸ்டுவர்ட் மில்லும் சார்ள்ஸ் டார்வினும் நின்றனர். ஆளுநரின் பக்கம் நின்றவர்களில் கார்லைல், ரஸ்கின், டெனிசன் ஆகியோருடன், டொம்முக்காக எழுதிய கிங்ஸ்லியும் கிறட்சிற் குடும்பத்துக்காக எழுதிய டிக்கன்ஸும் இருந்தனர்.

இன்னொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1840களில் யோர்க்‌ஷயர் பிள்ளைகளின் சாட்சியம் அச்சேறிய அதே ஆண்டுகளில், தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து கண்டி மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். அதே பிரித்தானியப் பேரரசின் கீழ்த்தான் இதுவும் நடந்தது. அந்தப் பிள்ளைகளை ஒருவர் இருத்தி வைத்து, பெயரும் வயதும் கேட்டு எழுதியிருந்தால், இன்று எமது கையில் எத்தகைய இலக்கியம் இருந்திருக்கும்!

டிக்கன்ஸ் சொல்லாத கதை

கடைசியாக, டிக்கன்ஸ் தன் வீட்டில் மறைத்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1824இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. கடனைக் கட்ட முடியாத தந்தை மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பள்ளிக்குப் போகவேண்டிய சிறுவன், சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மையைப் போத்தலில் அடைக்கும் இடத்தில், போத்தல்களுக்குத் தாள் ஒட்டும் வேலைக்குப் போனான். அந்த அவமானம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலில் அதைக் கதையாக எழுத முடிந்தவருக்கு, சொந்தப் பிள்ளைகளிடம் வாயால் சொல்ல முடியவில்லை.

1869 கிறிஸ்மஸ் அவரது கடைசிக் கிறிஸ்மஸ். வீட்டில் எல்லோரும் ஞாபக விளையாட்டு ஒன்று விளையாடினார்கள். ஒவ்வொருவராகச் சொல்லும் சொற்களை வரிசை தவறாமல் திருப்பிச் சொல்லி, இறுதியில் தமது பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தன் முறை வந்தபோது டிக்கன்ஸ் அந்த மை நிறுவனத்தின் பெயரையும் தெருவையும் சொன்னார். அவர் கண்ணில் ஏதோ ஒரு மினுக்கமும் குரலில் ஒரு மாற்றமும் இருந்ததை மகன் ஹென்றி கவனித்தார். ஆனால் அதன் பொருள் அங்கே எவருக்கும் விளங்கவில்லை. அடுத்த ஆண்டு டிக்கன்ஸ் இறந்தார். நண்பர் ஜோன் ஃபொஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகம் அதன் பின் வெளிவந்தபோதே, அப்பா ஒரு காலத்தில் யாராக இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

எமது வீடுகளிலும் இப்படியான பெயர்கள் அவ்வப்போது வந்து விழுகின்றன. ஒரு முகாமின் பெயர், ஒரு சோதனைச் சாவடி, ஒரு கடற்கரை. சாப்பாட்டு மேசையில் யாரோ சொல்கிறார்கள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. சொல்வது எளிதல்ல என்று எமக்குத் தெரியும். டிக்கன்ஸுக்கே எளிதாக இருக்கவில்லை.

இந்த முறை பிள்ளை ‘கரோல்’ நூலுடன் வந்து அமரும்போது, அந்த இரண்டு பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று அதனிடம் கேட்டுப் பார்ப்போம். நீலப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வோம். பெயர், வயது, இடம் என்று ஒருவர் எழுதி வைத்ததால்தான் அவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள் என்று சொல்வோம். பிறகு, முடியுமானால், எமது கதையிலும் ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் சொல்லி, பிள்ளையைக் கொண்டே அதை எழுதி வைப்போம்.